புஷ்பமேரியின் வெள்ளை

மூடியை இறுக்கிப் பாட்டிலைப் பத்து முறை குலுக்குகிறார். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். பென்னாகரத்தில் புதுமனை புகுவிழா. வந்தவர்கள் எல்லாரும் மாடிப்படியின் கிரானைட்டைத் தடவித் தடவி வியந்துகொண்டிருக்க, புஷ்பமேரி மட்டும் கொல்லைப்புறக் குழாயடியில் நிற்கிறார். பன்னீர் வந்த குட்டிப் பாட்டில் அது. பாதிவரை தண்ணீர், அதற்குள் சுண்டுவிரல் நகமளவு சோப்பு. நுரை எழும்பவில்லை. பால் திரிந்ததுபோல் வெள்ளைத் திப்பி மிதக்கிறது.

"வூடு ஜம்முனு இருக்குதுங்க," என்கிறார் வீட்டுக்காரர் மாதவராஜிடம். "தண்ணிதான் பாறை. ஒரு வருசம் போவட்டும், உங்க கொழாய்க்கெல்லாம் வெள்ள மீச மொளச்சுரும்."

பால் காய்ச்சிய அன்றே இப்படிச் சொன்னால் யார்தான் முகம் மலர்வார்கள்? மாதவராஜ் சிரித்து மழுப்பிவிட்டுப் பந்தியைக் கவனிக்கப் போகிறார். ஆனால் கால் மணி நேரத்தில், வெற்றிலைத் தட்டும் கையுமாகத் தானே திரும்பி வருகிறார். "அதுக்கு என்னதாங்க பண்றது?" என்று குரலைத் தணித்துக் கேட்கிறார். அந்தக் கேள்விக்காகத்தான் புஷ்பமேரி முதல் பந்தியை விட்டுக்கொடுத்துவிட்டு நின்றிருக்கிறார்.

இனி அரை மணி நேரம் மாதவராஜுக்கு விடுதலை கிடையாது. தண்ணீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்தெடுக்கும் உருளை ஒன்று புஷ்பமேரி வீட்டில் இருக்கிறது. அதற்கு இவர் வைத்திருக்கும் பெயர் 'மாப்பிள்ளை'. வாரத்துக்கு ஒரு தடவை உப்புப் போட்டுக் கவனிக்காவிட்டால் கோபித்துக்கொண்டு வேலையை நிறுத்திவிடும், அதனால் அந்தப் பெயர். மாப்பிள்ளை வந்த பிறகு ஹீட்டர் ராடில் ஓடு கட்டுவதில்லை. பக்கெட் விளிம்பில் வெள்ளை வளையம் இல்லை. பாத்ரூம் டைல்ஸுக்கு ஆசிட் ஊற்றி மூக்கு எரிந்த காலம் போயிற்று. மூன்று கைப்பிடி சோப்புத் தூள் போட்ட இடத்தில் இப்போது இரண்டு ஸ்பூன். தலைக்குக் குளித்தால் சீப்பு நடுவழியில் நிற்பதில்லை. கணவர் யாகப்பனுக்குப் பல வருஷமாக இருந்த முதுகு அரிப்புகூட நின்றுவிட்டது. அவர் மட்டும் அந்தப் பெருமையைத் தண்ணீருக்குக் கொடுக்காமல், பனியனை மாற்றியதற்குக் கொடுக்கிறார்.

"குடிக்கறதுக்கு வேணாங்க, அதுக்குத்தான் ஒகேனக்கல் தண்ணி வருதே," என்று முடிவில் நியாயமாகவும் சொல்லிவிடுவார். "இது குளிக்க, தொவைக்க, ஏனம் கழுவ. அதுக்கு இத மிஞ்சுனது கெடையாது."

புஷ்பமேரிக்கு வயது ஐம்பத்தாறு. மாரண்டஹள்ளியிலிருந்து பாலக்கோடு போகும் சாலையை விட்டு உள்ளே பிரியும் ஒரு ஊர். யாகப்பன் தக்காளியும் சாமந்தியும் பயிர் வைக்கிறார், இவர் தையல்காரர். வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டே தெளிவாகப் பேசக்கூடியவர். அளவு எடுக்க டேப் வேண்டாம், ஆளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் போதும். ஊரிலுள்ள ரவிக்கைகளில் பாதி இவர் கை பட்டவை. ஆனால் பங்குக் கோவிலைச் சேர்ந்த ஐந்தாறு ஊர்களிலும் இவரைக் 'கவுன் மேரி' என்றால்தான் தெரியும்.

கத்தோலிக்க வீடுகளில் எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் புதுநன்மை என்று ஒரு விழா உண்டு. பூசையில் முதல் தடவையாக நன்மை என்கிற திருவப்பத்தை வாங்கும் நாள். பெண்பிள்ளைகள் கணுக்கால் வரை வெள்ளைக் கவுன் போட்டு, தலையில் வெள்ளை நெட் வைத்து வருவார்கள். அந்தக் கவுன்கள் அத்தனையும் புஷ்பமேரியின் பீரோவிலிருந்து போய், பீரோவுக்கே திரும்பி வருகிறவை. மொத்தம் பதினான்கு.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரு புதுநன்மை அன்று, செங்கல் சூளைக்கு வேலைக்குப் போகிற ஒருத்தி தன் மகளைப் பள்ளிச் சீருடையில் கொண்டுவந்து நிறுத்தினாள். அதுதான் அவர்களிடம் இருந்த நல்ல உடுப்பு. அடுக்கடுக்காக லேஸ் வைத்த கவுன்களுக்கு நடுவே அந்தப் பிள்ளை தன் கால்விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றது. அன்றைக்குப் புஷ்பமேரிக்குப் பூசையில் மனம் நிற்கவில்லை. அடுத்த வருஷத்துக்குள் ஒரே துணி, ஒரே வெட்டு, ஒரே கழுத்து என்று பதினான்கு கவுன்களைத் தைத்து அடுக்கிவிட்டார். மேஸ்திரி மகளுக்கும் அதுதான், கூலிக்காரர் மகளுக்கும் அதுதான். வரிசையாக நின்றால் பெற்ற தாய்க்கே தன் பிள்ளை எது என்று தெரியக்கூடாது என்பது இவருடைய ஆசை.

அந்த ஆசையில் மண் அள்ளிப் போட்டது போர்த் தண்ணீர். எண்ணூறு அடி ஆழத்துப் பாறையிலிருந்து வருகிற தண்ணீர். மனிதர்கள் அதற்குப் பழகிக்கொண்டார்கள், கவுன்கள் பழகவில்லை. ஒவ்வொரு சலவைக்கும் கொஞ்சம் மங்கின, கொஞ்சம் விறைத்தன. நீலம் போட்டார், எலுமிச்சை பிழிந்தார், டிவியில் காட்டும் தூளையெல்லாம் வாங்கினார். எதற்கும் அவை மசியவில்லை. போன வருஷம் பீரோவைத் திறந்தபோது பதினான்கும் அடுப்புச் சாம்பல் நிறத்தில் தொங்கின. பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது அவ்வளவு மோசம் என்று தெரியவில்லை என்பதுதான் கொடுமை.

தெரியவைத்தவள் யுவராணி. அவள் கணவர் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறார். மகள் ரோஷினிக்குப் போன வருஷம் புதுநன்மை. விழாவுக்கு ஒரு மாதம் முன்பு கோவிலில் நடந்த தாய்மார் கூட்டத்தில், எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டாள்.

"மேரியக்கா, தப்பா நெனைக்காதீங்க. எங்கண்ணன் பொண்ணு புதுநன்ம போட்டோவ வூட்ல மாட்டி வெச்சிருக்குறோம். வர்றவங்கல்லாம், கவுன தொவைக்காமயே போட்டு வுட்டீங்களான்னு கேக்கறாங்க. நான் ரோஷினிக்கு ஓசூர்ல புதுசா எடுத்துக்கறன்."

இன்னும் நாலு பேர் தலையாட்டினார்கள். புதுநன்மைக்கு இருந்த பெண்பிள்ளைகள் பதிமூன்று. ஐந்து பேருக்கு ஓசூர்க் கவுன் என்றால் மீதி எட்டுப் பேருக்கு இவருடைய சாம்பல் கவுன். சூளைக்காரி மகள் தலைகுனிந்து நின்றாளே, அதே மாதிரி எட்டுப் பிள்ளைகள் பீடத்துக்கு முன்னால் நிற்பதைப் புஷ்பமேரி அந்தக் கூட்டத்திலேயே மனக்கண்ணால் பார்த்துவிட்டார்.

"கொஞ்சம் பொறு கண்ணு," என்றார். "விழாவுக்கு மொத நாளு சனிக்கெழம வந்து கவுனப் பாரு. புடிக்கலைன்னா ஓசூருக்கு அன்னிக்கும் பஸ் இருக்குது." சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். எப்படி வெளுக்கப் போகிறோம் என்று அவருக்குச் சத்தியமாகத் தெரியாது.

தையலுக்கு வந்த ஒருத்தி சொல்லித்தான் இளம்பரிதி வந்தார். பாலக்கோட்டில் மோட்டார், பைப் வேலை பார்க்கிறவர். பாட்டிலில் தண்ணீர் பிடித்துச் சோப்புப் போட்டுக் குலுக்கிக் காட்டியவர் அவர்தான். புஷ்பமேரிக்குப் பாட்டில் பைத்தியம் பிடித்தது அன்றைக்குத்தான். இளம்பரிதி மோட்டார் பக்கத்தில் நெஞ்சளவு உயரத்தில் நீல உருளையை நிறுத்தினார். அருகே ஒரு உப்புத் தொட்டி.

"உள்ள கடுகு கணக்கா மணி இருக்குதுங்கம்மா. தண்ணில இருக்கற சுண்ணாம்ப அது புடிச்சு வெச்சுக்கும். வாரத்துக்கு ஒருக்கா உப்புக் கரச்சு வுட்டுக் கழுவுனீங்கன்னா புடிச்சதையெல்லாம் வுட்டுரும். கழுவுன தண்ணிய மட்டும் சாக்கடைல வுட்டுருங்க."

யாகப்பன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சோப்பு நுரைக்காத தண்ணீருக்கு நம் பக்கத்தில் பெயரே உப்புத்தண்ணி. "உப்புத்தண்ணிய நல்ல தண்ணியாக்க மூட்ட உப்பக் கொட்டணுமாம்," என்று வேலியோரம் போன ஆடுகளுக்கும் கேட்கும்படி சொன்னார். "இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்றது."

சொல்லாமல் ஒரு காரியம் செய்தார். தர்மபுரிச் சீமையில் விவசாயம் பார்க்கிறவருக்குத் தண்ணீர் வீணாக ஓடினால் கை சும்மா இருக்காது. மணிகளைக் கழுவின தண்ணீர் சாக்கடைக்குப் போவதைப் பார்க்கப் பொறுக்காமல், மண்வெட்டியால் நாலு கொத்துக் கொத்திக் கத்தரிப் பாத்திக்குத் திருப்பிவிட்டார். ஒரே வாரத்தில் இலையெல்லாம் ஓரம் கருகிச் சுருண்டுகொண்டது. "செடியையே சுட்டுப்புடுச்சு, துணிய என்ன பண்ணப் போவுதோ," என்று பழியை உருளை மேல் போட்டார். இளம்பரிதி சொன்னதைத் தான் காதில் வாங்கவில்லை என்று ஒப்புக்கொள்ள அவருக்கு இரண்டு மாதம் பிடித்தது.

விழாவுக்கு முந்திய செவ்வாய்க்கிழமை. புஷ்பமேரி பதினான்கு கவுன்களையும் ஊறப்போட்டார். பக்கெட்டுக்கு மூன்று கைப்பிடி தூள். யோசித்துப் போட்டதல்ல, முப்பது வருஷமாகப் போட்ட கை, தானாகப் போட்டது. நுரை பக்கெட்டைத் தாண்டிப் பொங்கி, துவைக்கல்லில் வழிந்து, முற்றத்தில் ஓடியது. புஷ்பமேரிக்கு ஆனந்தம் தாங்கவில்லை. யாகப்பனைக் கூப்பிட்டுக் காட்டினார். அலசினார், நுரை வந்தது. மறுபடி அலசினார், மறுபடியும் நுரை. ஆறு தண்ணீர் மாற்றியும் துணி கையில் வழுக்கியது. நல்ல தண்ணீர் என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று பிழிந்து கொடியில் போட்டுவிட்டார்.

புதன்கிழமை மதியம் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினார். முதல் கவுனின் கழுத்தில் வைத்து எடுத்தபோது அந்த இடம் வாழைப்பழத் தோல் மாதிரி மஞ்சளாக இருந்தது. சூட்டைக் குறைத்துக்கொண்டு இரண்டாவதைத் தேய்த்தார். அதுவும் மஞ்சள்.

சுவிட்சை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சாம்பல் நிறத்திலாவது இருந்த கவுன்கள், இப்போது அதற்கும் வழியில்லை. இடையில் இருப்பது மூன்று நாள். புதிதாகத் தைக்க ஆகாது, ஓசூர்க்காரி சிரிக்கப் போகிறாள், அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம்; அந்த எட்டுப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தன? யாகப்பன் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். சொல்வதற்கு அவரிடம் நிறைய இருந்தது. மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றையும் சொல்லாமல் போய்விட்டார். அதற்காகவே அந்த மனிதருக்கு மோட்சத்தில் ஒரு நல்ல இடம் ஒதுக்கி வைக்கலாம்.

மஞ்சள் பட்ட இரண்டு கவுன்களையும் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் வெறும் தண்ணீரில் போட்டு வைத்தார். தூள் டப்பாவைத் தொடவே அவருக்குப் பயமாக இருந்தது. வியாழன் காலையில் போய்ப் பார்க்கிறார், தொட்டியின் மேல் நுரை கட்டி நிற்கிறது. துளிச் சோப்புப் போடாத தண்ணீரில் நுரை. கசக்கினார், இன்னும் வந்தது. தண்ணீர் கழுநீர்போல் கலங்கியது. ஈரக் கையோடு இளம்பரிதிக்குப் போன் போட்டார்.

"எத்தன கைப்பிடி போட்டீங்க?" என்றார் அவர்.

"எப்பவும் போல மூணு."

"இந்தத் தண்ணிக்கு ரெண்டு ஸ்பூன் போதுங்கம்மா. அந்த மஞ்சள் அலசாத சோப்பு, சூட்டுல தீஞ்சது. ஆனா இப்ப வர்ற நொரை செவ்வாக்கெழம போட்டது மட்டும் இல்லீங்க. இத்தன வருசமா போட்டதெல்லாம் சுண்ணாம்போட சேந்து துணிக்குள்ளயே அப்பிக்கிட்டு ஒக்காந்திருந்திருக்குது. இப்பத்தான் அத வெளிய இழுக்கற தண்ணி வந்திருக்குது. சோப்பே போடாதீங்க. நொரை நிக்கற வரைக்கும் வெறுந் தண்ணில அலசுங்க, அது போதும்."

போனை வைத்துவிட்டுப் புஷ்பமேரி தொட்டியைப் பார்த்தார். வெளுக்கிறேன் வெளுக்கிறேன் என்று தானே அழுக்கைச் சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறார். அத்தனை வருஷத்துச் சோப்பு, அத்தனை வருஷத்துக் கைவலி. அவருக்குச் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது.

வியாழனும் வெள்ளியும் அந்த வீட்டில் வேறு வேலை நடக்கவில்லை. யாகப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானாகவே இறங்கினார். இவர் அலச, அவர் பிழிந்தார். "எத்தினியாவது தண்ணி?" "மூணு." "இன்னும் வருதா?" "வருது, வருது." மூன்றாம் தண்ணீர் கலங்கலாக இருந்தது. ஐந்தாவதில் நுரை ஓரத்துக்கு ஒதுங்கியது. ஏழாவதில் தொட்டியின் அடியில் அச்சடித்திருந்த பூ தெளிவாகத் தெரிந்தது. நடுவில் ஒருமுறை உருளைக்குள் இருந்த மணிகளுக்கே உப்புக் குளியல் போட வேண்டியிருந்தது. அதையும் யாகப்பன்தான் செய்தார், கத்தரிப் பாத்தியின் பக்கம் திரும்பிப் பார்க்காமல்.

வெள்ளி மதியம் பதினான்கு கவுன்களும் கொடியில் ஆடின. ஆமாம், ஆடின, முன்பெல்லாம் அவை அப்பளம்போல் விறைத்துத் தொங்கும். புஷ்பமேரி கிட்டே நின்று பார்த்தார். அது போதாமல் தெருமுனை வரை நடந்துபோய்த் திரும்பி நின்று பார்த்தார். உடைத்த தேங்காயின் உட்புறம் என்ன நிறமோ அந்த நிறம். வெயில் பட்டுக் கண் கூசியது. புதிதாகத் தைத்த வருஷத்தில்கூட அவை இவ்வளவு வெள்ளையாக இருந்ததாக அவருக்கு நினைவில்லை. நடுத்தெருவில் நின்று, யார் பார்த்தால் என்ன என்று, ஜெயித்தவள் மாதிரி இடுப்பில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டார்.

சனிக்கிழமை யுவராணி மகளோடு வந்தாள். முன்ஜாக்கிரதையாக ஓசூர்க் கவுனை வாங்கியே விட்டிருந்தாள். கண்ணாடிக் கவரோடு கையில் கொண்டுவந்திருந்தாள். புஷ்பமேரி வாயில் ஊசியோடு ஜன்னலைக் காட்டினார். அங்கே இஸ்திரி போட்ட பதினான்கும் வரிசையாக ஹேங்கரில் தொங்கின. யுவராணி தன்னுடையதைக் கவரிலிருந்து உருவி, பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். எது புதுசு எது பழசு என்று வெளிச்சம் காட்டிக்கொடுக்கவில்லை.

"என்னக்கா போட்டு வெளுத்தீங்க?"

புஷ்பமேரி ஊசிகளை எடுத்து ஊசி மெத்தையில் குத்தினார். "ஒண்ணுமே போடலம்மா. வெறுந் தண்ணி."

யுவராணி நம்பாமல் துணியை மூக்கருகே கொண்டுபோனாள். அதற்குள் ரோஷினி இரண்டு கவுன்களின் கழுத்துப் பட்டியையும் கன்னத்தில் வைத்து வைத்துத் தேய்த்துப் பார்த்திருந்தாள். "மம்மி, கடைது குத்துது. பெரியம்மாது குத்தல," என்றாள். அதற்கு மேல் வழக்கு இல்லை. ஓசூர்க் கவுன் கவரோடு வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போயிற்று. சாயங்காலத்துக்குள் மற்ற நாலு பேரும் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பீடத்துக்கு முன்னால் பதிமூன்று பிள்ளைகள் ஒரே வெள்ளையில் நின்றார்கள். யுவராணி கழுத்தை நீட்டி, இடதுபக்கமிருந்து எண்ணித்தான் தன் மகளைக் கண்டுபிடித்தாள். சூளைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் இரண்டு பேர் அந்த வரிசையில் இருந்தார்கள். யார் யார் என்று கேட்டால் புஷ்பமேரியாலும் சொல்லியிருக்க முடியாது. அவருக்கு நெஞ்சு நிறைந்தது.

பூசை முடிந்து கோவில் மைதானத்தில் பிரியாணி. எந்த வருஷமும் கவுன்களைக் கழற்றி எண்ணி வாங்கிக்கொண்ட பிறகுதான் பிள்ளைகளைப் பந்திக்கு விடுவார் இவர். அன்றைக்கு யாரையும் கழற்றச் சொல்லவில்லை. ரோஷினி சாப்பிட்டு எழுந்து, எண்ணெயும் மசாலாவுமாக இருந்த கையை உடம்பில் படாமல் தள்ளி நீட்டிக்கொண்டு, குழாயடி வரிசையின் கடைசியில் போய் நின்றாள். "கவுனு, கவுனு, பாத்து நில்லு," என்று பின்னாலேயே யுவராணி ஓடி வந்தாள். புஷ்பமேரி குறுக்கே போய் அந்தக் கையைப் பிடித்தார். "கெடக்குது வுடு, வூட்ல மாப்பிள்ள தண்ணி இருக்குது," என்றபடி ஐந்து விரல்களையும் விரித்து, கவுனின் முன்பக்கத்தில், வெள்ளை வெளேரென்றிருந்த நடு மடியில், உள்ளங்கையையும் புறங்கையையும் அழுத்தித் துடைத்துவிட்டார்.